தருமபுரி, கிருஷ்ணகிரியை வைத்து ஒரு தொடர் கொலை நாவல் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தருமபுரியில் எனக்கு ஒரு தட்டச்சுக் கடை. பகலில் வக்கீல்களின் மனுக்களை அடிப்பேன், இரவில் நாவல் எழுதுவேன். ஒரு தொடர் கொலை நாவலை முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அதில் முதல் ஒன்றரை வருடம் வரிசை தெரியாமல் வீணாய்ப் போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக எழுத வருகிறவர்களோடு உட்காருகிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: கொலைகாரனிலிருந்து தொடங்குகிறார்கள். அவனுக்கு ஒரு முகமூடி, பிணத்தின் பக்கத்தில் ஒரு சின்னம், சிறு வயதில் ஒரு கொடுமை. முப்பது பக்கம் நன்றாக ஓடும். போலீஸ் உள்ளே வர வேண்டிய இடத்தில் வண்டி நின்றுவிடும்.

இந்த வகைக் கதையில் வாசகர் கூடவே நடப்பது, அவனைப் பிடிக்காமல் தூக்கம் வராத போலீஸ்காரர்களோடு. அவர்கள் கையில் இருப்பதோ வெறும் காகிதம். ஆகவே காகிதத்தில் தொடங்கி, கொலைகாரனைக் கடைசியில் எழுதுகிற வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. உட்காரும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

இரண்டு மாவட்டங்களின் சாலை வரைபடம், பெரிதாக அச்செடுத்தது. கதை நடக்கும் ஆண்டின் தமிழ் நாட்காட்டி. நான்கைந்து எப்.ஐ.ஆர். நகல்கள்.

கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. எப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவை ஏறாது, மற்றவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலேயே படிக்கலாம். கதைக்காக எதையும் எடுக்காதீர்கள். எந்த விவரம் முதலில் வருகிறது, எது வராமலே போகிறது என்று மட்டும் பாருங்கள். நேரம், தூரம், திசை எல்லாம் இருக்கும். இறந்தவர் எப்படிச் சிரிப்பார் என்று இருக்காது. அந்த இடைவெளிதான் உங்கள் வேலை.

ஒரு நாள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டும் வாருங்கள். விசாரணை பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்ததுதான், யாரும் தடுக்க மாட்டார்கள். சாட்சியை வக்கீல் கத்திக் கத்தி மிரட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவர்கள், மின்விசிறிச் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழாமல் திரும்பி வருவார்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

2. ஆண்டை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு

ஆண்டு மாறினால் சட்டம், எல்லை, தொலைபேசி எல்லாம் மாறும். பாதி எழுதிய பிறகு ஆண்டை மாற்றினால் எழுதியதைக் கிழிக்க வேண்டியிருக்கும். நான் கிழித்தேன்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. அதற்கு முன் ஓசூரில் ஒரு கொலை, அரூரில் ஒரு கொலை என்றால் இரண்டும் ஒரே எஸ்.பி.யின் மேசைக்கு வரும். அதற்குப் பிறகு இரண்டு எஸ்.பி., இரண்டு மேசை. தொடர் கொலைக் கதைக்கு இந்தப் பிரிவு தங்கம். ஒருவன் செய்ததை இரண்டு அலுவலகம் தனித்தனியாகப் பார்க்கும், ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது.

இன்னொரு கோடு 2024 ஜூலை 1. அன்றிலிருந்து கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வந்தது. சந்தேக மரணத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194 வந்தது. 2019-இல் நடக்கும் கதையில் 103 என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன், 2025 கதையில் எப்.ஐ.ஆரிலேயே 302 என்று போட்டவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வசனத்தில் வயதான ஏட்டு இன்னும் "த்ரீ நாட் டூ" என்றே சொல்லட்டும். பழகிய நாக்கு அரசிதழ் படிப்பதில்லை.

3. இறந்தவர்களை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பக்கம். பெயர், ஊர், வேலை, கடைசியாகச் சாப்பிட்டது, யாருக்குப் பாக்கி, யார் அவருக்குப் பாக்கி. அதற்குப் பிறகு முக்கியமான ஒரு கேள்வி: இவர் காணாமல் போனால் எத்தனை நாளில், யார், எந்தக் காவல் நிலையத்துக்குப் போவார்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒருவன் மூன்று, நான்கு கொலை வரை மாட்டாமல் இருப்பதற்கு அவனுடைய மூளை காரணம் என்று எழுதினால் வாசகர் நம்ப மாட்டார். இறந்தவரைத் தேட ஆள் இல்லை என்பது நம்பும்படியான காரணம். அந்தக் காரணம் நம் பக்கத்தில் ஏராளம். பென்னாகரம், அரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். வீட்டில் கேட்டால் "பெங்களூர்ல இருக்கான், பொங்கலுக்கு வருவான்" என்பார்கள். மேஸ்திரியைக் கேட்டால் "ஊருக்குப் போயிட்டான்" என்பார். இரண்டு பதிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஆறு மாதம் இல்லாமல் போகலாம், யாரும் பொய் சொல்லாமலே.

வழக்கமான தவறு: இறந்தவர்கள் எல்லோரும் இருபது வயதுப் பெண்கள், எல்லோரும் அழகு, யாருக்கும் அப்பா அம்மா கிடையாது. இது சோம்பேறித்தனம். பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்கும் ஐம்பது வயது ஆளைக் கொன்றால் கதைக்கு என்ன குறைந்துவிடும்? அவர் வராத அன்று மண்டியில் யார் முதலில் கவனித்தார் என்று எழுதிப் பாருங்கள். ஓர் அத்தியாயம் தானாக வரும்.

4. வரைபடத்தில் பிணங்களை வையுங்கள்

ஒரு சாவு கொலை என்று தெரியாமல் இருக்க, அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு விதமான சாவு சகஜமாக இருக்க வேண்டும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் நம் இரண்டு மாவட்டங்களும் உங்களுக்கு மூன்று இடம் தரும்.

தொப்பூர் கணவாய். தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்கும் சரிவு. அங்கே சாலையோரம் ஓர் உடல் கிடந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "ஆக்சிடென்ட்".

கிருஷ்ணகிரி அணை, நம் வாயில் கே.ஆர்.பி. டேம். தென்பெண்ணைத் தண்ணீரில் உடல் மிதந்தால் குளிக்கப் போய் மூழ்கியவர்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடு. யானை நடமாட்டம் உள்ள இடம். உடல் சிதைந்திருந்தால் யானை அடித்தது.

மூன்று இடம், மூன்று காவல் நிலையம், மூன்று பொதுவான ஊகம். மூன்றையும் பொய்யாக்குவது பிரேதப் பரிசோதனை. தண்ணீருக்குள் போகும் முன்பே உயிர் போயிருந்தால் பல நேரங்களில் நுரையீரல் அதைச் சொல்லும். கையால் கழுத்தை நெரித்திருந்தால் பல நேரங்களில் நாவடி எலும்பு உடைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் உடைந்துதான் இருக்கும் என்று இல்லை, அதையும் நினைவில் வையுங்கள். உங்கள் டாக்டர் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதுவது கதைக்கு இன்னும் நல்லது.

தூரத்தைக் கடிகாரத்தோடு சரிபாருங்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50. ஒகேனக்கல்லில் போன் வந்ததும் அரை மணி நேரத்தில் ஓசூரில் இறங்கும் இன்ஸ்பெக்டரை ஒரு கையெழுத்துப் பிரதியில் பார்த்தேன். ஹெலிகாப்டர் எங்கே நிற்கிறது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

மாநில எல்லையையும் விடாதீர்கள். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம், வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் ஆந்திரமும் தொட்டுவிடும் தூரம். நான்காவதாக ஓர் உடல் கர்நாடக எல்லைக்குள் கிடைத்தால் அதன் கோப்பு கன்னடத்தில் இருக்கும். அதை யார் படித்துச் சொல்வது? ஓசூரில் பிறந்த ஒரு காவலர் இருந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். கதைக்குள் அவர் வர இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஊர்ப்பெயர் உண்மையாக இருக்கலாம். அலட்சியம் செய்யும் அதிகாரி வேலை பார்க்கும் காவல் நிலையத்துக்கு மட்டும் கற்பனைப் பெயர் வையுங்கள்.

5. கோப்பு எப்படி நகர்கிறது என்று எழுதிப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. பிணம் கிடைத்த அடுத்த பக்கத்திலேயே "இது கொலை" என்று இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். நிஜத்தில் அப்படி நடக்காது.

அடையாளம் தெரியாத உடல் கிடந்தால் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர்தான் புகார் கொடுப்பார். தலையாரி அவரைக் கூப்பிட்டிருப்பார், ஆடு மேய்த்தவர் தலையாரியைக் கூப்பிட்டிருப்பார். புகாரின் பேரில் 194-இல் வழக்கு. எஸ்.ஐ. போய்ப் பிரேத விசாரணை செய்வார், பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடுவார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை. அப்புறம் அரசு மருத்துவமனை, பிரேதப் பரிசோதனை, உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு. அறிக்கை வரும் வரை காத்திருப்பு. கொலை என்று தெரிந்தால் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். "செக்‌ஷன் ஆல்டர் பண்ணியாச்சு" என்பார்கள். அப்போதுதான் கோப்பு இன்ஸ்பெக்டர் கைக்கு முழுதாக வரும்.

இவ்வளவும் சலிப்பாகத் தெரிகிறதா? இந்தக் காத்திருப்புக்குள்தான் அடுத்த கொலை நடக்கிறது. வாசகருக்கு அது தெரியும், போலீசுக்குத் தெரியாது. பயம் அங்கிருந்து வருகிறது.

சரி, மூன்று கோப்பையும் யார் சேர்த்துப் பார்ப்பது? நாயகன் திடீரென்று கண்டுபிடித்தால் அது எழுத்தாளர் காதில் ஓதியது போல இருக்கும். வேலையின் போக்கிலேயே அவற்றில் இரண்டையாவது தொட்ட ஒருவர் வேண்டும். நான் வகுப்பில் சொல்லும் உதாரணம்: தேர்தல் வருகிறது. ஒரே இடத்தில் மூன்று வருடம் முடித்த அதிகாரிகளை மாற்றுகிறார்கள். தொப்பூரில் இருந்த எஸ்.ஐ. கே.ஆர்.பி. டேம் பக்கம் வருகிறார். பழைய கோப்புகளைப் புரட்டும்போது அணையில் கிடைத்த உடலின் புகைப்படத்தில் மணிக்கட்டில் ஒரு கயிறு. தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு, அதில் லாரிக்காரர்கள் போடும் முடிச்சு. விபத்து என்று தானே மூடிய தொப்பூர்க் கோப்பில் அதே முடிச்சைப் பார்த்த நினைவு அவருக்கு. வேண்டாவெறுப்பாக வந்த இடமாற்றம் துப்பாகிறது, அதோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வருகிறது. முதல் கோப்பை மூடியவர் அவர்தானே.

6. துப்பறிவாளர்களை இப்போது எழுதுங்கள்

ஒருவர் போதாது. தனியாக இருப்பவரின் வெறியை அவரே வாயால் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்ப்பார். ஒருவருக்கு ஆள் மேல் சந்தேகம், "இவன்தான், எனக்குத் தெரியும்" என்பவர். இன்னொருவருக்குப் பொருள் மேல் பிடிப்பு, கயிறு, முடிச்சு, டோல்கேட் நேரம். இருவரும் நேர்மையானவர்களாக இருக்கட்டும். அப்போதுதான் சண்டை சூடாக இருக்கும்.

வெறியைக் குடியாலும் தாடியாலும் காட்டாதீர்கள். "அவர் கண்களில் ஒரு வெறி தெரிந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு இருவருமாக இப்படி மாற்றினோம்: "அக்கா மகளின் காதுகுத்துக்குப் போன இடத்தில், பந்தல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் கயிறு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். அக்கா மொய் நோட்டை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்." வெறி என்ற சொல் இல்லை. ஆனால் அக்கா இனி அவரைக் கூப்பிட மாட்டாள் என்பது தெரிகிறது.

ஒரு நோட்டில் செலவுக் கணக்கு போடுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் அவர் எதை இழந்தார் என்று ஒரு வரி. தூக்கம், விடுப்பு, நண்பன், மகளின் பள்ளி விழா, கடைசியில் தன் மேலேயே இருந்த நம்பிக்கை. தொடர்ந்து மூன்று அத்தியாயம் வரி காலியாக இருந்தால் கதை அங்கே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. போலீசுக்கு இந்த ஒரு வழக்கு மட்டுமே வேலை என்பது போல எழுதுகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, சாதித் தகராறு, செம்மரக் கடத்தல், எல்லாம் நடுவில் வரும். தடயம் கிடைத்த அன்று நாயகனை ஒகேனக்கல் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்க வையுங்கள். வில்லன் தேவையில்லை, டூட்டி ரோஸ்டரே போதும்.

7. தவறான ஆளைப் பிடிக்க வையுங்கள்

வெறிக்கு விலை கொடுப்பது போலீஸ்காரர் மட்டுமாக இருந்தால் கதை பாதிதான். இன்னொருவரும் கொடுக்க வேண்டும்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. தென் கொரியாவின் ஹ்வாசொங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். எட்டாவது கொலைக்காக ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். ஒப்புக்கொண்டார் என்றார்கள். அவர் சுமார் இருபது வருடம் சிறையில் இருந்தார். 2019-இல் டி.என்.ஏ. சோதனையில் உண்மையான ஆள் தெரிந்தான், 2020 டிசம்பரில் அவரைக் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தில் பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃபைப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து அனுப்பியது. யாரோ ஒருவன் அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பி, வேறு வட்டாரப் பேச்சு உள்ளவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தகவல் அட்டைகள் மலையாகக் குவிந்து, ஒன்றோடு ஒன்று சேராமல் கிடந்தன. 1981 ஜனவரியில் போலி நம்பர் பிளேட்டுக்காகத்தான் அவன் மாட்டினான். ஒன்பது முறை கைக்கு வந்தவனை விட்டது எப்படி என்ற கேள்வி ஒரு நாவலையே தாங்கும்.

நம் சட்டத்தில் இந்தப் படிக்கு இரண்டு பிடிமானம் உண்டு. முதலாவது, போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, இப்போது பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தில் 23. அவன் சொல்லி, அதனால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆகவே லாக்கப்பில் அடி, "ஆமா, நான்தான் கொன்னேன்", முற்றும் என்று முடிக்காதீர்கள். அந்த வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. உண்மை கண்டறியும் ஊசியும் உதவாது. சம்மதம் இல்லாமல் அதைப் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது.

இரண்டாவது, கடிகாரம். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கைதானவர் ஜாமீன் கேட்டு வாங்கலாம். பிடித்தது தவறான ஆளோ என்று ஒரு துப்பறிவாளருக்குச் சந்தேகம், மற்றவர் 88-ஆவது நாளில் குற்றப்பத்திரிகையில் கையெழுத்துப் போட உட்காருகிறார். இந்தக் காட்சியை எழுத உங்களுக்குத் துப்பாக்கி வேண்டாம்.

8. கொலைகாரன்

இப்போது அவன் வரலாம். மேலே எழுதியதெல்லாம் அவனை ஏற்கெனவே பாதி வரைந்திருக்கும்: நெடுஞ்சாலையில் போய் வருபவன், அந்த முடிச்சுப் போடத் தெரிந்தவன், மூன்று இடத்தையும் அறிந்தவன், யாரும் திரும்பிப் பார்க்காதவன். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளுக்கு இரவெல்லாம் வண்டி ஓடும். அந்தக் கூட்டத்தில் ஒருவன் போதும்.

இந்தப் பாதையில் நிஜமாகவே ஒருவன் இருந்தான். சேலம் மாவட்டத்து லாரி டிரைவர் ஜெய்சங்கர். 2011 மார்ச்சில் தருமபுரி நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்பட்டுத் திரும்பும் வழியில் தப்பினான், மீண்டும் பிடிபட்டு, 2013 செப்டம்பரில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து இன்னொரு முறை தப்பினான், 2018 பிப்ரவரியில் அதே சிறையில் இறந்தான். அவனை அப்படியே எழுத நினைத்து வருகிறவர்களிடம் வேண்டாம் என்பேன். அவனால் இறந்தவர்களின் வீடுகள் இங்கே பக்கத்தில்தான் இருக்கின்றன. உங்கள் புத்தகம் அந்த வீட்டுப் பிள்ளையின் கைக்கும் போகும். எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே: பிடிப்பதோடு வேலை முடியவில்லை என்பது. வாய்தாவுக்கு அழைத்துப் போய் வரும் ஒவ்வொரு பேருந்துப் பயணமும் ஒரு காட்சி.

'சைக்கோ' என்ற சொல்லை ஆசிரியர் குரலில் எழுதாதீர்கள். மனநல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகிற எத்தனையோ பேரை அது குத்தும். காரணமும் சொல்லாது.

9. அத்தியாயங்களை அடுக்குங்கள்

ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி: தேதி, போலீசுக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே போனால் கதை தட்டை. வாசகர் எப்போதும் முந்தினால் போலீஸ் முட்டாளாகத் தெரிவார்கள். மாறி மாறி முந்தட்டும்.

தேதிப் பத்தியில் பருவத்தையும் எழுதுங்கள். மாங்காய் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. கோடையில் அணைத் தண்ணீர் இறங்கும், சேற்றில் புதைந்தது வெளியே வரும். ஓசூர்க் குளிரில் டிசம்பர் விடியலில் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத நாட்கள் உண்டு. என் நாவலின் முதல் பதிப்பில் ஒரு பிணத்தை நிலா வெளிச்சத்தில் கண்டுபிடிக்க வைத்தேன். ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் கடைக்கே வந்து, "தம்பி, அன்னைக்கு அமாவாசை" என்று நாட்காட்டியைக் காட்டினார். அதனால்தான் முதல் படியிலேயே தமிழ் நாட்காட்டி கேட்டேன்.

10. பேச்சு

இங்கே எல்லோரும் மதுரைத் தமிழ் பேசுவது சினிமா செய்த வேலை. ஓசூரில் கடைக்காரர் தெலுங்கில் விலை சொல்லி, கன்னடத்தில் மகனைத் திட்டி, தமிழில் சில்லறை கேட்பார். காவலர் மேலதிகாரியை "ஐயா" என்பார், ஊர்க்காரர் ஏட்டை "ஏட்டையா" என்பார். இவற்றைக் கலக்காமல் வைத்தாலே போதும், வட்டார வழக்கை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

11. முடித்த பிறகு

பிடிபட்டானா இல்லையா என்பதை இப்போதுதான் முடிவு செய்யுங்கள். செலவுக் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். இழந்ததெல்லாம் எழுதிய பிறகு, அவனைப் பிடித்தால் அது திரும்பக் கிடைக்குமா என்று தெரியும். கிடைக்காது என்றால் கைதுக் காட்சியை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு, அக்கா வீட்டு வாசலுக்கு அவரை அனுப்புங்கள்.

பிரதியை ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு, மூன்று பேருக்குக் கொடுங்கள்: ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற ஒரு போலீஸ்காரர், நாவலே படிக்காத ஒருவர். முதல் இருவர் பிரிவு எண்ணையும் நேரத்தையும் திருத்துவார்கள். மூன்றாமவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முதலில் இறந்தவரின் பெயர் என்ன? அவருக்கு நினைவில்லை என்றால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.